பச்சை லாரிக்கு ஒரு தேதி

லாரிக்கு நீலப் பெயின்ட் அடித்துப் பதினோரு நாள் ஆயிற்று. மாமியாருக்கு மட்டும் அது இன்னும் பச்சைதான்.

“அந்தப் பச்சைக்கு வேண்டிய காகிதமெல்லாம் எடுத்தாச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அது நீலம், அத்தை.”

“சரி, நீலப் பச்சை. எடுத்தாச்சா?”

மருமகள் பிளாஸ்டிக் உறையை மூன்றாவது தடவையாகப் பிரித்துப் பார்த்தாள். ஏலத்தில் எடுத்த ரசீது இருந்தது. ராணுவம் வண்டியைக் கைகழுவிய கடிதம் இருந்தது. இன்று ஒரு நாள் மட்டும், மாலை ஆறு மணி வரைக்கும், பட்டறையிலிருந்து பதிவு அலுவலகம் போய்த் திரும்ப லாரிக்கு அனுமதி என்று முத்திரை குத்திய சீட்டு இருந்தது. கடைசியில், போன வாரம் வீட்டையே இரண்டாக்கிய அந்த வாரிசு உறுதிமொழி.

லாரிக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. கல்யாணமான புதிதில், புருஷன் சோறு தண்ணி மறந்து அதன் அடியிலேயே மல்லாந்து கிடந்த நாட்களில் வைத்த பெயர். “உன் சக்களத்திக்கு இன்னைக்கு கிளட்ச் மாத்தினேன்” என்று அவனும் ஒத்து ஊதுவான். இன்றைக்கு அந்தச் சக்களத்தியைத் தன் பெயரிலேயே பதிவு செய்யப் போகிறாள். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். வரவில்லை.

ராணுவத்தில் ஓடிய வண்டிக்கு ஊர் நம்பர் கிடையாது. அங்கே அதற்கென்று ஒரு நம்பர் இருக்கும். விற்கும்போது அதை அழித்துவிடுவார்கள். வெளியே வந்தால் அது இன்றைக்குப் பிறந்த குழந்தை, வயது மட்டும் முப்பத்து நாலு. அவன் அதை ஏலத்தில் எடுத்து இரண்டு வருடம் பாடுபட்டு ஓடவைத்தான். நம்பருக்கு எழுதிப் போட வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அந்த வெள்ளத்தில் கார் மிதந்தது, பஸ் மிதந்தது. ஆள் உயரச் சக்கரத்தோடு இந்த லாரிதான் நின்றது. நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்றாதே என்று அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. மூன்று நடை போய்த் தாழ்வான பகுதியிலிருந்து நாற்பத்தோரு பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு நாலாவது நடை போனான்.

சனிக்கிழமை லாரி கிடைத்தது. உடைந்த பாலத்துக்கு அப்பால் ஒரு மேட்டில், நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. சுவிட்ச் அணைத்திருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அவன் இல்லை.

மூன்று வருடமாக மாமியார் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஹேண்ட் பிரேக்கைத்தான். “வெள்ளம் அடிச்சுட்டுப் போனவன் பிரேக் போட்டுட்டா போவான்? நிறுத்தி இறங்கி நடந்திருக்கான். நடந்தவன் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்பான்” என்பாள். யாராலும் அதற்கு மறுபேச்சுப் பேச முடிந்ததில்லை.

இதெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் லாரி நிற்கிற பட்டறை இடத்தை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். நாளை மறுநாள் காலி செய்ய வேண்டும். நம்பர் இல்லாமல் லாரியை வெளியே நிறுத்த முடியாது. வைத்துக்கொள்ள வேறு இடமும் இல்லை. பழைய இரும்புக்காரன் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான். கேஸ் கட்டரோடு வந்தால் அரை நாளில் துண்டு போட்டுவிடுவானாம்.

மருமகளுக்கு அந்த லாரி வேண்டும். அவள் பஸ், லாரிகளுக்கு சீட் தைக்கிறவள். இப்போது இன்னொருத்தர் கடையின் மூலையில் உட்கார்ந்து தைக்கிறாள். லாரிக்கு நம்பர் கிடைத்துவிட்டால் பின்பக்கம் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு டெப்போ டெப்போவாக அவளே போய்விடலாம். அவன் வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதைக் கண் முன்னால் அறுக்க விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது.

வெள்ளத்தில் காணாமல் போனவர்களின் வண்டிகளுக்கு இந்த வருடம் ஒரு தனி வழி செய்திருந்தார்கள். மூன்று வருடம் தாண்டியிருந்தால் தாயும் மனைவியும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் போதும், வண்டி மனைவி பெயருக்கு வரும். என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதில்தான் வீடு இரண்டாயிற்று. ‘இறந்த’ என்று அச்சடித்து வந்த முதல் படிவத்தை மாமியார் நாலாகக் கிழித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கொழுந்தன்தான் வழி கண்டுபிடித்தான். வெல்டர். எது உடைந்தாலும் ஒட்ட வைக்கலாம் என்று நினைக்கிற ஜாதி. வேறு ஒரு வெற்றுப் படிவம் வாங்கிவந்து, கையாலேயே ‘மறைந்த’ என்று எழுதினான்.

“பாரும்மா, செத்துட்டான்னு எங்கேயும் எழுதல. மறைஞ்சு போனவன்னுதான் எழுதியிருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதானே? உண்மைதானே?”

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்துக் கண் அடித்தான். அவளுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பெற்றவளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே என்று தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

அது போன வாரம்.

இன்றைக்குப் பட்டறையில் லாரியின் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. கொழுந்தன் விடியும்போதே வந்து இன்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தான். புகை அடங்கவே அரை மணி ஆகும் அதற்கு.

“அம்மா, ஏற முடியாது உன்னால. ஸ்டூல் போடறேன், இரு. நான் தூக்கி விடறேன்.”

“தூக்கறதுக்கு நான் என்ன மூட்டையாடா? தள்ளிப் போ.”

மூத்தவன் இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து மாமியார் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வாரிசுகள் நேரில் வர வேண்டும் என்று சொன்னதால்தான் இன்றைக்கு வருகிறாள். ஸ்டூலில் ஒரு கால், படியில் ஒரு கால் வைத்து, மருமகளின் தோளை அழுத்திப் பிடித்து ஏறி நடுவில் உட்கார்ந்தாள். மருமகள் தைத்த புது சீட். கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“தையல் நெருக்கமா இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

பிறகு அவள் கை தானாகவே ஹேண்ட் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. கொழுந்தன் வண்டியை எடுக்க வேண்டும், பிரேக்கை விடுவிக்க வேண்டும். “அம்மா, கை” என்றான் மெதுவாக. அவள் எடுக்கவில்லை. அவன் அந்தக் கையோடு சேர்த்தே பிடித்து பிரேக்கை இறக்கினான்.

வழியெல்லாம் இன்ஜின்தான் பேசியது. அந்தச் சத்தத்தில் வேறு யார் பேசினாலும் கேட்டிருக்காது.

பதிவு அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. குட்டிக் கார்களுக்கு நடுவே இவர்கள் லாரி போய் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர், “சண்டை எங்கே தம்பி?” என்று கேட்டார். “உள்ளே, ஏழாம் ஜன்னல்ல” என்றான் கொழுந்தன். அவனுக்கு வாய் மட்டும் என்றைக்கும் குறைவதில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கையில் ஒரு அட்டை, காதில் பென்சில். லாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“ராணுவப் பச்சை எங்கேயும் மிச்சம் இருக்கக்கூடாது. தெரியுமில்ல?”

“கதவு இடுக்கு வரைக்கும் நீலம் அடிச்சாச்சு சார்.”

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து இடுக்கைப் பார்த்தார். எதிரி கண்ணில் படாமல் இருட்டில் ஓட்டுவதற்கு ராணுவத்தில் வைத்திருந்த மங்கல் விளக்குகளைக் கழற்றியாயிற்றா என்று பார்த்தார். திரும்பும்போது எரிகிற மஞ்சள் விளக்கு, கண்ணாடி, சேறு தடுக்கிற ரப்பர், சீட் பெல்ட் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். பெல்ட்டைத் தைத்தது யார் என்று கேட்டார். மருமகள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“நீங்களா? நல்லா இருக்கு.”

கேபினுக்குள் ஏறி மேலே பார்த்தவர் நின்றார். “இங்கே வட்டமா ஒரு தகடு வெல்டு பண்ணியிருக்கே. என்ன இருந்துச்சு?”

“ஒரு ஓட்டை சார். காத்துக்கு.”

“துப்பாக்கி வெக்கிற ஓட்டையில காத்து வாங்கினீங்களா?”

“அடைச்சாச்சு சார். இப்ப காத்தும் வராது, துப்பாக்கியும் வராது.”

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு கொழுந்தனை ஓட்டச் சொல்லி, நடுவழியில் நிறுத்தச் சொன்னார். லாரி நின்றது. சரிவில் ஏற்றி ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு, காலை எடுக்கச் சொன்னார். லாரி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

வேலி ஓரம் நின்ற மாமியார் மருமகளின் கையைப் பிடித்தாள். “பாத்தியா? நின்னா நிக்கும்” என்றாள்.

கடைசியில் சேஸ் நம்பர். அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வண்டியின் முதுகெலும்பில் வெட்டியிருக்கிற அந்த நம்பர் ராணுவத்தின் கடிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் வண்டி வண்டி. இல்லையென்றால் திருட்டு வண்டி. நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அந்த எண்கள் காகிதத்தில் எழும்பி வரும்.

இன்ஸ்பெக்டர் குனிந்து தேய்த்தார். நாலு எண்கள் வந்தன. ஐந்தாவது இடம் வெறும் கறுப்பாக இருந்தது.

“இங்கே ஒண்ணும் இல்லையே. அழிச்சிருக்கீங்களா?”

“ஐயோ சார், கையே வெக்கல சார்!”

“அப்ப என்ன இது?”

மருமகள் பக்கத்தில் போய்க் குந்தினாள். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் தையல் ஊசியை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டினாள். மண். காய்ந்து கல்லாகிப் போன சேறு. வெள்ளத்துச் சேறு. அவள் எத்தனை தடவை கழுவியிருப்பாள் இந்த லாரியை, இங்கே மட்டும் அது மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறது. ஊசி முனையில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. அவள் அதைத் தரையில் விழ விடாமல் உள்ளங்கையில் வாங்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மறுபடி தேய்த்தார். ஐந்தாவது இடத்தில் ஏழு வந்தது. கடிதத்திலும் ஏழுதான்.

“வண்டி பாஸ்” என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குரலைக் கொஞ்சம் இறக்கினார். “வெள்ளத்துல ஓடின லாரி இதுதானா? கேள்விப்பட்டிருக்கேன். ஏழாம் ஜன்னலுக்குப் போங்க. நாலு மணிக்கு மூடிடுவாங்க.”

மணி மூன்றரை.

கொழுந்தன் துள்ளிக் குதிக்காத குறைதான். “அண்ணி, பாதிக் கிணறு தாண்டியாச்சு!” என்றான். மீதிக் கிணற்றைத் தாண்டாதவன் கதி என்ன என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஏழாம் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் குமாஸ்தா. மேசையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் மூக்கு சிந்திய கைக்குட்டை. ஜலதோஷம் போலிருக்கிறது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி டிக் போட்டுக்கொண்டே வந்தவள் வாரிசு உறுதிமொழியில் நின்றாள்.

“‘மறைந்த’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா மேடம்” என்றான் கொழுந்தன். “மரியாதையா இருக்கட்டும்னு.”

“மரியாதை சரிங்க. போன மாசம் இதே வார்த்தையால ஒரு ஃபைல் மேலேயிருந்து திரும்பி வந்துடுச்சு. மறைஞ்சுட்டார்னா ஓடிப் போயிட்டாரா, ஒளிஞ்சிருக்காரான்னு கேக்கறாங்க. அதை அடிச்சுட்டு ‘இறந்த’ன்னு எழுதுங்க. பக்கத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இறந்த தேதிக் கட்டமும் காலியா இருக்கு பாருங்க.”

மாமியார் பக்கத்தில்தான் நிற்கிறாள். குமாஸ்தா ஒன்றும் குசுகுசுவென்று சொல்லவில்லை.

கொழுந்தன் உளறினான். “அம்மா, அது வந்து... இவங்க ஆபீஸ் பாஷை...”

“ஏன்டா,” என்றாள் மாமியார், “எனக்குத் தமிழ் தெரியாதுன்னா நெனச்சே?”

அவன் வாய் மூடிக்கொண்டது. அவன் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

“பேப்பர்ல தினமும் கட்டம் கட்டிப் போடறான், மறைந்த, மறைந்தன்னு. நாப்பது வருஷமா படிக்கறேன். நீ எழுதிக்கிட்டு வந்து நீட்டினப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டே?”

மாமியார் அவன் பக்கம் திரும்பவில்லை. மருமகளைப் பார்த்துச் சொன்னாள். “அந்த வார்த்தையில ரெண்டும் இருக்கு. உனக்கு வேண்டியதை நீ எடுத்துக்கோ, எனக்கு வேண்டியதை நான் வச்சுக்கறேன்னு போட்டேன்.”

மருமகள் அழுதுவிட்டாள். ஏமாற்றியதாக நினைத்து ஒரு வாரம் வெந்தவள். தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டு அந்தக் கிழவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதுவும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“வேண்டாம் அத்தை. போயிடலாம். லாரி போனாப் போகட்டும்.”

“போனாப் போகட்டுமாம். நாளைக்கு அந்த இரும்புக்காரன் வந்து அறுக்கும்போது நீ கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பே, நான் வந்து உன்னைப் பிரிச்சு எடுக்கணும். எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் கடை மூலையில உக்காந்து தைப்பே? கண்ணு போயிட்டிருக்கு உனக்கு.” ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். “பேனா குடும்மா.”

குமாஸ்தா பேனாவைக் கொடுத்தாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ‘மறைந்த’ மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், நேராக. அதற்கு மேலே ‘இறந்த’ என்று எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் பேனா நின்று நின்று போயிற்று. எழுதி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தான்.



“தேதி?” என்றாள் குமாஸ்தா. இப்போது அவள் குரலும் தணிந்திருந்தது. “மனு போடறவங்க கையால எழுதணும். எழுதினப்புறம் ரெண்டு பேரும் கையெழுத்து.”

பேனா மருமகள் கைக்கு வந்தது.

“எட்டுன்னு போடுங்க அண்ணி” என்றான் கொழுந்தன். “வியாழக்கிழமை. அன்னைக்குத்தானே போனான். கஷ்டப்பட்டிருக்க மாட்டான். அப்படியே எழுதிடுவோம்.”

“பத்துன்னு எழுது” என்றாள் மாமியார்.

“அது வண்டி கெடைச்ச நாள்மா.”

“தெரியும். ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போகட்டுமே. காகிதத்துலதானேடா.”

மருமகள் இரண்டு பேரையும் பார்த்தாள். எட்டா, பத்தா? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு தேதிதான். நடுவில் இருக்கிற வெள்ளிக்கிழமையைப் பற்றி இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் அவள் சுமக்கிற நாள் அது.

அந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், ஈரத் தரையில், சுவரில் சாய்ந்தபடி அவள் கண்ணயர்ந்திருந்தாள். வெளியே வெளுக்க ஆரம்பித்த நேரம். போன் அடித்தது. தெரியாத நம்பர். முந்தின நாள் முழுக்க இப்படித்தான், “லாரி வருமா? எங்க தெருவுக்கு வருமா?” என்று யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் சார்ஜ் கடைசி மூச்சில் இருந்தது. அவன் கூப்பிட்டால் பேச வேண்டுமே, அதற்கு மிச்சம் வேண்டுமே என்று அவள் அந்த அழைப்பை வெட்டிவிட்டாள்.

அது மறுபடி அடிக்கவில்லை. அப்புறம் அவள் கூப்பிட்டபோது அந்த நம்பர் அணைந்து கிடந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அப்படியேதான். யாரோ லாரி கேட்டவராக இருக்கலாம். யாருடைய போனையோ வாங்கி அவன் கூப்பிட்டதாகவும் இருக்கலாம். எங்கே இருக்கிறேன் என்று சொல்லக் கூப்பிட்டானோ என்னவோ. அவன் பேசுவதற்கென்று எடுத்து வைத்த சார்ஜ், அவன் குரலையே வெட்டிவிட்டதா?

எட்டு என்று எழுதினால் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வியாழக்கிழமையே போனவன் வெள்ளிக்கிழமை எப்படிக் கூப்பிடுவான்? கொழுந்தனும் அதைத்தான் எழுதச் சொல்கிறான். எழுதினால் லாரி அவளுக்கு, நிம்மதியும் அவளுக்கு. படிவத்தின் அடியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, சற்று முன் இந்தப் பேனாவால் ‘இறந்த’ என்று எழுதிய மாமியாரின் விரல்கள் இன்னும் காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள்.

“சரி, கையெழுத்து” என்றாள் குமாஸ்தா, கடிகாரத்தைப் பார்த்தபடி. நாலுக்கு ஐந்து நிமிடம்.

மாமியார் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“ஒம்போதா? எட்டும் இல்லாம பத்தும் இல்லாம, இது என்ன ஒம்போது?”

“அத்தை...”

“வெள்ளிக்கிழமைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

கொழுந்தனும் திரும்பிப் பார்த்தான். மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவள் மூன்று வருடமாக நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். அறைவாள். கொன்னுட்டியேடி என்பாள். இனி முகத்தில் முழிக்காதே என்பாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வாயைத் திறந்தாள்.

“வெள்ளிக்கிழமை விடியக்காலையில எனக்கு ஒரு போன் வந்துச்சு அத்தை. தெரியாத நம்பர். சார்ஜ் இல்ல. அவர் கூப்பிட்டா வேணுமேன்னு... நான் கட் பண்ணிட்டேன்.”

கொழுந்தன், “அண்ணி” என்றான்.

மருமகள் தலை குனிந்து நின்றாள். அடி விழவில்லை. திட்டும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

மாமியார் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அங்கே இருந்தது வேறு. மூத்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுக்கு மலர்ந்திருக்குமே, அந்த முகம்.

“விடிஞ்சப்புறமா வந்துச்சு?”

“விடியற நேரம்.”

“அப்ப ராத்திரியெல்லாம் தாண்டியிருக்கான்.”

“அவர்தான்னு தெரியாது அத்தை. யாரா வேணா இருக்கலாம்...”

“வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கி, யாரோ ஒருத்தன்கிட்ட போன் வாங்கியிருக்கான். போன் வச்சிருக்கற ஒருத்தன் கூட இருந்திருக்கான்டா அவனுக்கு!” கொழுந்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “கேட்டியா? தனியா இல்ல அவன்!”

“அம்மா, மூணு வருஷம் ஆச்சும்மா...”

“ஆகட்டும்.”

மாமியார் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். அதை ஜன்னலுக்குள் பத்திரமாக வைத்தாள்.

“அம்மா, கையெழுத்து?” என்றாள் குமாஸ்தா. “மூடற நேரம். நாளைக்கு ஆபீஸ் லீவு. இன்னைக்கு விட்டா உங்க வண்டிக்கு...”

“இல்லம்மா” என்றாள் மாமியார். “நான் போட மாட்டேன். எம்புள்ள போன் பண்ணியிருக்கான்.”